காட்டுக்கும் கடற்கரைக்கும் ஒரு சிறிய மடிக்கணினி

பறவை ஒலிகளைப் பதிவு செய்வதற்காக ஊர் ஊராகச் செல்பவன் என்பதால், “பயணத்துக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். ஒன்று, ராணுவத் தரச் சோதனையில் தேறியதாக விளம்பரப்படுத்தப்படும் கனமான கணினி. மற்றொன்று, இணையக் கடைகளில் தள்ளுபடி விலையில் கிடைக்கும் புத்தம் புதிய மெல்லிய கணினி. இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏதோ ஒரு நிறுவனத்தின் மேசையில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, குத்தகை முடிந்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் பன்னிரண்டரை அங்குல அலுவலக மடிக்கணினியே இந்த வேலைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒருமுறை விரிவாக எழுதிவிட்டால், அடுத்துக் கேட்பவருக்குச் சுட்டியை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாம்.

கணினியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது செய்ய வேண்டிய வேலையைச் சொல்லிவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு மணி நேரம் ஸ்டீரியோவாகப் பதிவு செய்தால் ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். விடியற்காலையில் பதிவு செய்ததை அன்றைக்கே எஸ்டி கார்டிலிருந்து இறக்கி, இன்னொரு பிரதி எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியைப் படமாகக் காட்டும் வரைபடம்) திறந்து எந்த நிமிடத்தில் எந்தப் பறவை கூவியது என்று குறித்து வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் எழுத வேண்டும். இவற்றுக்கு வேகமான பிராசஸர் தேவையில்லை. 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்), முழு அளவிலான கார்டு செருகும் இடம், விரல் வலிக்காமல் தட்டச்சு செய்யக்கூடிய விசைப்பலகை, மின்சாரம் இல்லாத ஒரு பகலைத் தாங்கும் பேட்டரி ஆகியவை இருந்தால் போதும். 4கே காணொளி தொகுப்பவர்களின் தேவை முற்றிலும் வேறு. அவர்களுக்கு இந்தப் பதிவால் பயனிருக்காது.

சிறியதாக இருக்க வேண்டும் என்பது எடைக்காக மட்டுமல்ல. அரசுப் பேருந்தில் முன்னிருக்கைக்காரர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் பதினைந்தரை அங்குலத் திரையைப் பாதிக்கு மேல் திறக்க முடியாது. ரயிலில் நடுப் படுக்கையோ மேல் படுக்கையோ கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: உடல் சிறியதாக இருந்தால் அது எளிதில் வளையாது. முதுகுப்பையில் கிடக்கும் கணினி கீழே விழுந்து சாவதைவிட, நசுங்கியும் வளைந்தும் சாவதே அதிகம்.

முரட்டுப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்படும் கணினிகளை நான் குறை சொல்ல மாட்டேன். பானாசோனிக் தன் டஃப்புக் வரிசையை 1996இல் தொடங்கியது. மக்னீசியக் கலவை உடல், மூடியிட்ட இணைப்புத் துளைகள், நடுப்பகல் வெயிலிலும் எழுத்து தெரியும் திரை என்று அவை உண்மையிலேயே வேறு வகை இயந்திரங்கள். சாதாரண அலுவலகக் கணினியின் திரை 250 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை வெளிச்சம் தரும் என்றால், டஃப்புக் வகைகளில் அது 1,000 நிட்ஸைத் தொடும். ஜீப்பின் முன்பக்கத்தில் பொருத்திக்கொண்டு வேலை செய்யும் நில அளவையாளருக்கு அது அவசியம்தான். ஆனால் புதிதாக வாங்கினால் விலை லட்சங்களில் இருக்கும். முழு முரட்டு வகைகளின் எடை மூன்று கிலோவைத் தாண்டும். பழையதை வாங்கலாமே என்றால், பேட்டரியும் துளைகளை மூடும் ரப்பர்களும் நம்மூர்க் கடைகளில் கிடைப்பது அரிது. அந்த ரப்பர் இற்றுப்போன டஃப்புக், நீர் புகாத கணினி என்ற பெயரை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் கனமான பெட்டி.

அடுத்து, விளம்பரங்களில் வரும் மில்-எஸ்டிடி-810 என்ற சொற்றொடர். 1962இல் முதன்முதலில் வெளியான இந்த அமெரிக்க ராணுவச் சோதனை நெறிமுறையின் ஜி பதிப்பு 2008இலும், எச் பதிப்பு 2019இலும் வந்தன. வெப்பம், குளிர், ஈரப்பதம், தூசி, அதிர்வு, தாழ்ந்த காற்றழுத்தம் என்று பல சோதனை முறைகள் அதில் உள்ளன. எவற்றைச் செய்வது, எந்த அளவில் செய்வது என்பதைப் பொருளின் பயன்பாட்டைக் கருதித் தேர்ந்துகொள்ளலாம். தேறியதென்று முத்திரை குத்தும் அரசு அமைப்பு எதுவும் கிடையாது. உற்பத்தியாளரே சோதிக்கலாம், அல்லது ஓர் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். அதில் புகழ்பெற்ற விழும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 122 செ.மீ. உயரத்திலிருந்து, முகம், விளிம்பு, மூலை என்று 26 விதமாகப் போட வேண்டும். அந்த 26 விழுதல்களையும் ஐந்து மாதிரிகள் வரை பிரித்துக்கொள்ள நெறிமுறையே அனுமதிக்கிறது. ஆக, உங்கள் கையில் இருக்கும் ஒரே கணினி 26 முறை விழுந்தாலும் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. விளம்பரத்தில் வெறுமனே 810 என்று மட்டும் இருந்து, எந்தெந்தச் சோதனைகள் என்ற பட்டியல் இல்லையென்றால், அதை நான் பொருட்படுத்துவதில்லை. மாறாக, ஐபி65 போன்ற எண் இருந்தால் அதற்குத் திட்டமான பொருள் உண்டு: முதல் எண்ணான 6 தூசி அறவே புகாது என்பதையும், இரண்டாவதான 5 பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும்.

இனி மலிவான புதிய கணினிகள். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரியும். திரையைத் தாங்கும் கீலின் உலோகத் தகடு, உடலின் பிளாஸ்டிக்கில் பதித்திருக்கும் நெல்மணி அளவுப் பித்தளைக் குழல்களில் திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். புதிதில் எல்லாம் சரியாகவே இருக்கும். தூசி சேர்ந்து கீல் இறுகும்போது, ஒவ்வொரு முறை திறக்கையிலும் அந்த விசை முழுவதும் பித்தளைக் குழலைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக்கின்மீது விழும். முதலில் மயிரிழை விரிசல். பிறகு ஒருநாள் குழல் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்து, மூடியின் ஓரம் வாய் பிளந்து நிற்கும். எபாக்ஸி பசை வைத்து ஒட்டித் தருவார்கள், அது தற்காலிகம்தான். இத்தோடு, ரேமும் இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், சேமிப்பகம் பழுதானால் போர்டு மொத்தமும் பழுது என்று ஆகிவிடுகிறது. மின்விசிறி இல்லாதது இவ்வகைக் கணினிகளுக்கு உண்மையான ஒரு நன்மை என்பதையும் சொல்லியாக வேண்டும். தூசி உறிஞ்ச வழியே இல்லை, சத்தமும் இல்லை. மைக்கை அருகில் வைத்துப் பதிவு செய்பவனுக்கு அது பெரிய வரம்.

2007இல் ஏசஸ் வெளியிட்ட ஈ-பிசி 701 என்ற ஏழு அங்குலக் குட்டிக் கணினியை நினைவிருப்பவர்கள் இருக்கலாம். ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 4 ஜிபி ஃபிளாஷ் நினைவகம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம். அந்த நெட்புக் அலை சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிட்டது. அந்த வகை நீடித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு.

பள்ளிகளுக்கென்று செய்யப்படும் பதினோரு அங்குலக் கணினிகள், குறிப்பாக இணையத்தைப் பெரிதும் சார்ந்து இயங்கும் கூகுளின் குரோம்புக்குகள், மாணவர்கள் கையில் படும் பாட்டைக் கருதி ரப்பர் விளிம்போடு வருகின்றன. வலிமையில் குறையில்லை. இணையம் கிடைக்காத இடத்தில் வேலை செய்யும் எனக்குக் குரோம்புக் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். வாங்க விரும்புபவர்கள், அந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

நான் சொல்லும் அலுவலகக் கணினிகளில் முதன்மையானது திங்க்பேட் எக்ஸ் வரிசை. ஐபிஎம் 1992இல் தொடங்கி, 2005இல் லெனோவாவின் கைக்கு மாறிய குடும்பம் அது. அதில் 2017இல் வந்த எக்ஸ்270, பயணிக்கென்றே யோசித்துச் செய்ததுபோல இருக்கும். உள்ளே ஏறத்தாழ 23 வாட்-மணி கொள்ளளவில் ஒரு சிறிய பேட்டரி. பின்புறம் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்று. பின்புறப் பேட்டரியில் 72 வாட்-மணி வரை பெரியதும் உண்டு. கணினியை அணைக்காமலேயே, உள்பேட்டரி தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தீர்ந்ததைக் கழற்றி நிறைந்ததை மாட்டிவிடலாம். பெரிய பேட்டரி அடியில் புடைத்துக்கொண்டு நிற்பதால் கணினி சற்றுச் சாய்வாக உட்காரும்; அதை அழகற்றது என்பார்கள், எனக்கோ மணிக்கட்டுக்கு இதமான சாய்வு. டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏற்றலாம். எஸ்டி கார்டு, எச்டிஎம்ஐ, ஈதர்நெட் என்று எல்லாத் துளைகளும் உடலிலேயே உள்ளன. ரேமையும் சேமிப்பகத்தையும் ஒரு நட்சத்திரத் திருப்புளியால் மாற்றிவிடலாம். கணினியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிறு துளைகள் தெரியும். விசைப்பலகையில் தேநீர் கொட்டினால், அது மதர்போர்டைத் தொடாமல் கால்வாய் வழியாக வெளியேறும் வாய்கள் அவை. ஒரு குவளை அளவுக்குத்தான் இந்த ஏற்பாடு. மழையில் நனைத்தால் காப்பாற்றாது.

அடுத்த ஆண்டில் வந்த எக்ஸ்280இல் ரேமைப் பற்றவைத்துவிட்டார்கள், கழற்றும் பேட்டரியையும் எடுத்துவிட்டார்கள். எடை குறைந்தது, எனக்கு அதன்மேல் இருந்த ஆர்வமும் குறைந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கோ, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். எக்ஸ்270 ஆறாம், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. எனவே அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கே நான் அதைச் சொல்வேன். தமிழ் எழுதுபவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசையமைப்பு லினக்ஸில் நன்றாகவே இயங்குகிறது. விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் டெல் லேட்டிட்யூட் 7290ஐப் பார்க்கலாம். அதே பன்னிரண்டரை அங்குலம், எட்டாம் தலைமுறை, மாற்றக்கூடிய ரேம், டைப்-சி சார்ஜிங். பேட்டரி மட்டும் உள்ளே இருக்கும். பதின்மூன்று அங்குலம் பரவாயில்லை என்றால் எச்பி எலைட்புக் 830 ஜி5யில் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு.

சென்னையில் இவை குவிந்து கிடக்கும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருதான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அதன் கிளைகளிலும், குறுகிய மாடிப்படி ஏறிப் போகும் கடைகளிலும், மூடிமேல் பழைய நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டியிருந்த பசைத் தடத்தோடு அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தடம் இருப்பது எனக்கு நல்ல அறிகுறி. பளபளவென்று புது ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தால், கீழே கீறலா விரிசலா என்று தெரியாது.

கடையில் நிற்கும்போது முதலில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) நுழைந்து பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். திங்க்பேடுகளில் அதை நீக்க மதர்போர்டை மாற்றுவதே நிறுவனம் சொல்லும் வழி. அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற திருட்டுத் தடமறியும் வசதி இயக்கத்தில் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, திரையை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் திறந்து மூடிப் பாருங்கள். இரு கீல்களும் ஒன்றாக அசைய வேண்டும், உடலின் ஓரம் எங்கும் பிளக்கக்கூடாது. சார்ஜர் முனையைச் செருகி மெல்ல ஆட்டும்போது விளக்கு மினுங்கினால் துளை தளர்ந்திருக்கிறது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் திரையில் அழுத்தம் பட்ட இடங்கள் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். நோட்பேடில் எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிவிடுங்கள். பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் விண்டோஸ் தரும் அறிக்கையிலேயே இருக்கும். 70 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். பெயரில்லாத மலிவுப் பேட்டரியை மட்டும் வாங்காதீர்கள். சாதாரணத் திரை இருக்கும் மாடல் கிடைக்குமானால் தொடுதிரையைத் தவிர்ப்பதும் நல்லது: கண்ணாடி என்றால் எடையும் கூடும், விரிசல் அச்சமும் கூடும்.

கடைக்காரர் 500 ஜிபி ஹார்டு டிஸ்க் என்று ஆசை காட்டினால் மறுத்துவிட்டு, சிறியதாக இருந்தாலும் எஸ்எஸ்டி கேளுங்கள். குலுங்கும் பேருந்து ஒரு காரணம். மலை இன்னொரு காரணம். ஹார்டு டிஸ்க்கின் ஊசிமுனை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில், காற்றின் மெத்தையில்தான் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதப்பும் தாழும். அதனால்தான் பெரும்பாலான சாதாரண ஹார்டு டிஸ்க்குகளுக்கு இயங்கும் உயர வரம்பை 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி, என்று வகுத்திருக்கிறார்கள். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். காப்புப் பிரதிக்கென்று பையில் போட்டுக்கொண்டு போகும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குளிர் வேறு விதமான தொல்லை. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரி சீக்கிரம் தீரும், ஆனால் வெப்பம் ஏறியதும் மீண்டுவிடும். அதே குளிரில் சார்ஜ் ஏற்றினால், எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் விளையும். இரவில் பேட்டரியைக் கழற்றி உறங்குபைக்குள் வைத்துக்கொள்ள முடிவது, கழற்றும் பேட்டரியின் இன்னொரு பயன். வெளியே உறைந்து கிடந்த கணினியை, அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்த உடனே திறந்தால், விசைகளின் இடுக்கெல்லாம் பனித்துளி பூத்துவிடும். பையை மூடியபடியே ஒரு மணி நேரமாவது விட்டு, பிறகு திறக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுவோம். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருக்கும் பவர் பேங்க், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. மாற்ற இழப்புகள் போக 50 முதல் 60 வாட்-மணி கணினிக்குக் கிடைக்கும். வாங்கும்போது எம்ஏஎச் எண்ணைவிட, டைப்-சி பவர் டெலிவரியில் 20 வோல்ட், 45 வாட் தருமா என்பதைப் பார்க்க வேண்டும். கைப்பேசிக்கானவற்றில் பல இதைத் தராது. விமானத்தில் 100 வாட்-மணிக்கு உட்பட்ட பேட்டரிகளைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். உதிரிப் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்குப் பெட்டிக்குள் போகக்கூடாது. சூரிய மின்சாரத்தில் சிறு இன்வெர்ட்டர் மட்டும் இருக்கும் மலைக்கிராம வீடுகளில், 45 வாட் சார்ஜர் யாருக்கும் தொந்தரவு தராமல் ஓடும். பெரிய கேமிங் கணினியின் சார்ஜரைச் செருகினால் வீட்டுக்காரர் அம்மா விளக்கு அணைந்ததற்குக் காரணம் தேடுவார்.

கடைசியாக, நீரும் உப்பும். வால்பாறையில் மழைக்காலத்தில் துணிகூடக் காயாது. பையின் மழையுறையை நம்பாமல், கயாக்கிங் போகிறவர்கள் வைத்திருக்கும் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்றில் கணினியைப் போட்டு, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் போட்டுவிடுகிறேன். கோடியக்கரையில் மழை இல்லாவிட்டாலும் உப்புக்காற்று துளைகளின் தொடுமுனைகளை மெல்ல அரிக்கும். அங்கே வேலை இல்லாத நேரத்தில் கணினியை வெளியே வைப்பதில்லை. பைக்குள் திரைப் பக்கம் முதுகை நோக்கியிருக்க வேண்டும். செங்கல் போன்ற சார்ஜரும் தண்ணீர்க் குடுவையும் மூடிக்கு எதிரே வரக்கூடாது. பேருந்தின் மேல்தட்டில் வைத்தால் அடுத்தவர் மூட்டை அதன்மேல் ஏறும், ஆகவே மடியில்தான். ஒலிப்பதிவின் ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி சிறிய வெளி எஸ்எஸ்டியில். அந்த எஸ்எஸ்டி கணினி இருக்கும் பையில் பயணிப்பதில்லை, சட்டைப் பையில் இருக்கும். கணினியின் சேமிப்பகத்தையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிட்டால், பை மொத்தமும் பறிபோனாலும் பண இழப்போடு போகும்; தரவு யார் கையிலும் சிக்காது.